கணினியின் நினைவும் மறதியும்

யாம் அறிந்த சங்கமொன்றின் பழைய ஒளிப்படங்கள் யாவும் பென்டிரைவு ஒன்றில் ஏற்றப்பெற்று, நான்காண்டு அலுமாரியிற் பூட்டிக் கிடந்தன. விழாவன்று அது திறக்க மறுத்தது. மூலப் படங்களோ அதற்கு முன்னரே கழிக்கப்பட்டுவிட்டன. நினைவகம் என்ற சொல் ஒன்றாயிருத்தலின் அதனுள் அடங்குவனவும் ஒரு தன்மையவே என்று கருதும் மயக்கமே இவ்விழப்புக்கு ஏது என்பது எமது துணிபு.

கணினி பணிபுரியும்போது கையாளும் றாம் என்னும் நினைவகத்தை நோக்குக. ஐ.பி.எம். நிறுவனத்து றொபேட் டெனாட் என்பார் 1968இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. ஒவ்வொரு கலத்திலும் ஒரு திரான்சிற்றரும் நுண்ணிய கொள்ளளவி ஒன்றுமே உள. கொள்ளளவியில் மின்னேற்றம் உண்டெனின் ஒன்று; இன்றெனின் பூச்சியம். அவ்வேற்றமோ ஓட்டைக் குடத்து நீர்போல ஒழுகிக்கொண்டேயிருக்கும். ஆதலின் செக்கனொன்றுள் பன்முறை கலங்கள் அனைத்தும் வாசிக்கப்பெற்று மீள நிரப்பப்படுகின்றன. மின் நின்றால் யாவும் போம். மறதியகம் என்று பெயரிட்டிருப்பினும் தவறாகாது! கலத்துக்கு ஆறு திரான்சிற்றர் கொண்ட பிறிதொரு வகைக்கு இம்மீள்நிரப்பு வேண்டா. அது மிக விரைவானது. ஆயின் இடமும் விலையும் மிகுதியாதலின் செயலியினுள்ளே பதுக்கு நினைவகமாகச் சிறிதளவே அமைப்பர். மின் நின்றால் அதுவும் மறக்கும்.

பென்டிரைவின் இயல்பு வேறு. தோசிபா நிறுவனத்தில் பணியாற்றிய புஜியோ மசுவோக்கா 1984இல் உலகுக்கு அறிவித்த பிளாஷ் நினைவகமே அதனுள் இருப்பது. இங்கே இலத்திரன்கள் காவலிப் படலத்தாற் சூழப்பட்டுச் சிறைப்பட்டிருத்தலின் மின்னின்றியும் நினைவு நிற்கும். இதனைக் கண்டே பலரும் அது கல்வெட்டினை நிகர்த்தது என நம்பிவிட்டனர். உண்மையில் அழித்தெழுதுந்தோறும் அப்படலம் நலிகின்றது. இலத்திரன்கள் மெல்லக் கசிகின்றன. வெப்பம் மிகுந்தவிடத்துக் கசிவும் விரையும். எமது சித்திரை வெயிலில் மூடிய அலுமாரி எத்தகையதென்று சொல்லவேண்டுவதில்லை.

ஆதலின் எமது சங்கத்தார்க்கு யாம் கூறுவது இது. பழைய மலர்களின் படிகளை இரண்டு வன்தட்டுகளில் ஏற்றி வெவ்வேறு ஊர்களில் வைத்தல் வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, வேறெங்கும் படியில்லாத ஏடுகள் மீளாதொழிந்தமையை அறியாதார் எம்முள் யார்? ஆண்டுதோறும் அவ்வன்தட்டுகளைத் திறந்து ஒப்புநோக்கிச் சில ஆண்டுகளுக்கொருமுறை புதியவற்றிற்கு மாற்றும் பொறுப்பை ஒருவர் பெயரிற் குறித்தல் வேண்டும். அச்சிட்ட மலர்களை மட்டும், படியெடுத்தாயிற்று என்று சொல்லி, எவரும் பழைய கடதாசிக்காரனிடம் நிறுத்துக் கொடுத்துவிடலாகாது.