எத்தனை பீப்பாய் என்று கேட்கிறதுக்கு முதல்

நாட்டின் கடன் எப்ப தீரும் என்று கதை தொடங்கினால், கொஞ்ச நேரத்தில் யாராவது மன்னாரைக் கொண்டுவந்து நடுவில் வைப்பார்கள். கடலுக்கு அடியில எண்ணெயும் காஸும் கிடக்குதாம், எடுத்தால் எல்லாம் சரியாம். எவ்வளவு கிடக்குது என்று கேட்டால் ஒரு எண் வரும். அந்த எண் எப்படி வந்தது என்று கேட்டால் பதில் வராது. எங்களுக்கு முக்கியம் இந்த இரண்டாவது கேள்விதான்.

2011இல் கெய்ர்ன் நிறுவனம் மன்னார் படுகையில் டொராடோ, பரகுடா என்ற இரண்டு இடங்களில் இயற்கை வாயுவைக் கண்டுபிடித்தது. 2015இல் விட்டுவிட்டுப் போனது. அங்கிருந்து இன்னும் வர்த்தக உற்பத்தி தொடங்கவில்லை.

ஒரு கிணறு இனி எவ்வளவு தரும் என்று கணிக்கப் பழைய வழி ஒன்று இருக்கிறது. 1945இல் ஆர்ப்ஸ் என்பவர் அதைச் சூத்திரங்களாக ஒழுங்குபடுத்தினார். கிணறு இதுவரை எப்படிக் குறைந்து வந்தது என்று பார்த்து, அந்தக் கோட்டை முன்னுக்கு நீட்டுவதுதான் விஷயம். இப்ப இதைக் கிளவுட் மென்பொருள்கள் செய்கின்றன. சொந்தமாகச் சேர்வர் அறை வேண்டாம், சந்தா கட்டினால் போதும். ஆயிரக்கணக்கான கிணறுகளின் தரவை ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் கோடு கீறி, ஆயிரம் விதமாக மாற்றிப் பார்க்கலாம். நல்ல கருவிதான், மறுக்கவில்லை.

ஆனால் வேகம் வேற, உண்மை வேற. ஒரு கிணறு நாளுக்கு 1,000 பீப்பாயில் தொடங்கி, ஒரு வருடத்தில் 500க்கு இறங்குகிறது என்று வைப்போம். ஒவ்வொரு வருடமும் பாதியாகும் என்று எடுத்தால், பத்து வருடம் கழித்து நாளுக்கு ஏறத்தாழ 1 பீப்பாய்தான் வரும். குறைகிற வேகமும் போகப் போகக் குறையும் என்று எடுத்தால், ஆர்ப்ஸின் இன்னொரு சூத்திரப்படி அதே பத்து வருடத்தில் ஏறத்தாழ 91 பீப்பாய். தொடக்கமும் ஒன்று, முதல் வருட முடிவும் ஒன்று. வித்தியாசம் நாங்கள் தெரிவு செய்த அனுமானத்தில் மட்டும்தான். கிளவுட் இரண்டையும் ஒரே வேகத்தில், ஒரே அழகான வரைபடமாகத் தரும்.

அதுவும் ஓடுகிற கிணற்றுக்கு. மன்னாரில் நீட்டுவதற்குக் கோடே இல்லை. அப்ப வேறு படுகைகளின் அனுபவத்தைக் கடன் வாங்கத்தான் வேண்டும். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கலிபோர்னியாவின் மொன்டரே ஷேல் ஒரு பாடம். அங்கே எடுக்கக்கூடிய எண்ணெய் 1,370 கோடி பீப்பாய் என்று அமெரிக்க அரசின் எரிசக்தித் தகவல் நிர்வாகம் சொல்லிவந்தது. 2014இல் அதை 60 கோடியாக வெட்டியது. 96 வீதம் காணாமல் போனது! நிலத்துக்கு அடியில் ஒன்றும் மாறவில்லை. மற்ற ஷேல் பகுதிகளைப் போல இதுவும் தரும் என்ற நம்பிக்கைதான் உடைந்தது.

கணிப்பு மற்றப் பக்கமும் பிழைக்கும். நோர்வேயின் வோல்வே எண்ணெய் வயல் நினைத்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேலான காலம் ஓடி, 2016இல்தான் மூடப்பட்டது. 2018இல் ஈக்வினோர் நிறுவனம் அந்த வயலின் தரவுகளை மாணவர்களும் ஆய்வாளர்களும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. கணிப்பு எங்கே தவறியது என்று இப்ப வெளியில் இருக்கிறவர்களும் பார்க்கலாம்.

தரவு கம்பனியின் வியாபார ரகசியம், காசு போட்டவன் ஏன் காட்ட வேண்டும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கடலுக்கு அடியில் இருப்பது கம்பனியின் சொத்து இல்லை. நோர்வேயிலும் கம்பனிகள் இலாபத்துக்குத்தான் வேலை செய்கின்றன. அங்கே கிணற்றுத் தரவுக்கு ரகசியக் காலம் உண்டு, அது முடிந்ததும் தரவு வெளியே வரும். ஒவ்வொரு வயலின் மாத உற்பத்தியையும் யாரும் பார்க்கலாம்.

இதெல்லாம் பொறியியல் பீடத்து ஆக்களின் வேலை, கலைப்பீடத்துக்கு என்ன என்று சிலர் சிரிக்கலாம். ஒரு எண்ணை யார் சொல்கிறார், எதை வைத்துச் சொல்கிறார், அதால யாருக்கு நன்மை என்று கேட்பதுதானே நாங்கள் படிக்கிற படிப்பு. அந்த எண்ணை நம்பி அரசு ஒப்பந்தம் எழுதும், வராத வருமானத்தை நம்பிக் கடன் வாங்கும். அந்தக் கடலில் வலை வீசுகிறவர்களிடம் நாட்டுக்காக விட்டுக்கொடுங்கள் என்று கேட்கும். எண் பிழைத்தால் கணித்தவர் மென்பொருளில் ஒரு பெட்டியை மாற்றிவிட்டுப் போவார். மீனவர் எதை மாற்றுவார்?

ஆகவே மன்னாருக்கு அடுத்த ஒப்பந்தம் வரும்போது மூன்று விஷயம் கேட்போம். ஒற்றை எண் வேண்டாம், குறைந்தது, நடுத்தரம், கூடியது என்று மூன்றும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் எடுத்த அனுமானத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வெளியிடுங்கள். கணிப்பின் மூலக் கோப்பு அரசின் கையிலும் இருக்கட்டும், கம்பனி கணக்கை மூடிவிட்டுப் போனாலும் எங்கட பல்கலைக்கழகங்கள் திறந்து பார்க்கிற மாதிரி. இந்த மூன்றும் இல்லாமல் யாராவது மேடையில் ஏறிப் பீப்பாய்க் கணக்குச் சொன்னால், கை தட்டாமல் இருப்போம்.