சுளுக்கு என்று நீவாதீர்கள்!

மாலை நேரத்தில் கோவளம் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். மணலில் கால்பந்து, அலைமேல் சர்ஃபிங். தாம்பரம் பக்கத்துப் பள்ளி மைதானங்களில் ஓட்டப் பயிற்சி. பிள்ளைகள் ஓடியாடுவது சந்தோஷம்தான். ஆனால் பதினைந்து வயதுப் பையன் வேகமெடுக்கும்போது 'படக்'கென்று ஏதோ பிய்ந்த மாதிரி இருக்கிறது என்று இடுப்பைப் பிடித்தபடி உட்கார்ந்தால், நாம் என்ன செய்கிறோம்? "சுளுக்குதாண்டா, எண்ணெய் போட்டு நீவினா சரியாயிடும்!" அங்கேதான் தப்பு.

வளரும் வயதில் தசைநாண் பலமாக இருக்கும். அது ஒட்டியிருக்கும் இடுப்பெலும்பின் முனையோ இன்னும் குருத்தெலும்பால்தான் இணைந்திருக்கும். தசை சுண்டி இழுத்தால் நாண் அறுவதில்லை; எலும்பு முனையே பிய்ந்து வந்துவிடும். 14 முதல் 17 வயதுக்குள் இது அதிகம். நீவினால் வலிதான் கூடும். ஒரு எக்ஸ்-ரே போதும், பெரும்பாலும் தெரிந்துவிடும்.

உடனே ஆபரேஷனா? பயப்படாதீர்கள். பெரும்பாலோருக்குத் தேவையில்லை. சில வாரம் ஊன்றுகோல், ஓய்வு, பிறகு படிப்படியாகப் பயிற்சி. மறுபடி முழு வேகத்தில் ஓட இரண்டு மூன்று மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம்.

பிய்ந்த துண்டு ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் கதை வேறு. அப்போது ஸ்குரூ வைத்துப் பொருத்துவது பற்றி டாக்டர் பேசுவார். முக்கியமாக, நாம் உட்காரும்போது அழுந்துகிற எலும்பு முனை சேராமல் போனால், பெஞ்சில் உட்கார்ந்தாலே வலிக்கும். ஓட்டத்தில் பலம் குறையும். 596 பேரைப் பற்றிய 14 ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளியான கட்டுரையில், ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் சற்று அதிகம். அதற்காக எல்லோருக்கும் கத்தி வேண்டும் என்று அர்த்தமில்லை. தொற்று, நரம்பில் பாதிப்பு என்று ஆபரேஷனிலும் ஆபத்து உண்டு.

என் கருத்து இதுதான்: "அடுத்த மாசம் போட்டி இருக்கு, சீக்கிரம் ஆபரேஷன் பண்ணிடுங்க டாக்டர்" என்று நெருக்குவதும் தவறு, கத்தி என்றதுமே பயந்து வைத்தியரை மாற்றுவதும் தவறு. "துண்டு எவ்வளவு விலகியிருக்கு?" என்று கேளுங்கள். முடிவை அந்த அளவும், எந்த எலும்பு என்பதும் சொல்லட்டும். போட்டித் தேதி சொல்ல வேண்டாம்.

பி.டி. மாஸ்டர்களே, 'படக்' என்று சொன்ன பிள்ளையை அன்றைக்கு மறுபடி ஓட விடாதீர்கள். கோப்பை அடுத்த வருஷமும் வரும்.