இடுப்பும் முட்டும் படும் பாடு



முட்டுவலி பற்றிப் போன இதழில் போட்ட சின்னக் குறிப்புக்கு வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால், நம் குமரி மாவட்டத்தில் வலியில்லாமல் வேலைக்குப் போகிறவர் யாராவது உண்டா என்றே சந்தேகம் வருகிறது.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவரைக் கவனித்திருப்பீர்கள். விடியுமுன் நெற்றி விளக்கோடு இறங்கினால் 300 மரம் வரை வெட்டி முடிப்பார். ஒட்டு மரத்தில் முதல் வெட்டு 125 செ.மீ. உயரத்தில் விழும், நிமிர்ந்து நின்றே வெட்டலாம். பிறகு ஆண்டுக்காண்டு வெட்டு கீழே இறங்கும், கூடவே அவர் இடுப்பும் வளையும். மணிக்கட்டுக்கும் தோளுக்கும் வெட்டு முடியும்வரை ஒரே இழுப்பு.

எலும்பு முறிந்தால் ஊரே கூடிவிடும். தசையை எலும்போடு பிணைக்கும் நாண் நைந்தால், ‘சுளுக்குதானே’ என்று எண்ணெயைத் தடவிக்கொண்டு மறுநாளே கத்தியைத் தூக்குகிறோம். நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. தசை சில வாரங்களில் தேறிவிடும். நாண் தேற மாதக்கணக்காகும். மூட்டுக் குருத்தெலும்பிலோ ரத்தக் குழாயே கிடையாது. தேய்ந்தது பெரும்பாலும் தேய்ந்ததுதான்.

உடம்பின் வர்மப் புள்ளிகளைப் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று கணக்கு வைத்து வைத்தியம் செய்யும் ஆசான்மார் வாழ்கிற மண் இது. அவர்கள் கை பட்டுச் சுளுக்கு நீங்கியவர்கள் நம் வீடுகளிலேயே உண்டு. அந்தக் கையை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் முறிவோ என்று சந்தேகம் வந்தால் முதலில் எக்ஸ்ரே. இதில் எனக்கு இரண்டு பேச்சில்லை. மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டிவிட்டால், உள்ளே வீக்கம் ஏற ஏற அந்தக் கட்டே ரத்தத்தை நெரிக்கும். ஜெர்மன் அறுவை மருத்துவர் ஃபோல்க்மன் 1881இல் விவரித்த கை முடக்கம் இப்படி வருவதுதான். விரல் சில்லிட்டு, நிறம் மாறி, மரத்துப்போய், மெல்ல நீட்டினாலே உயிர் போகிற மாதிரி வலித்தால் உடனே கட்டைத் தளர்த்தி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். ‘காலையில பாத்துக்கலாம்’ என்று படுத்தால் போச்சு.

அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், காலை மடக்கி உட்கார்ந்து பருப்பெடுக்கும் அக்காமாரின் முட்டுவலி பற்றி அடுத்த இதழில் விரிவாக எழுதுகிறோம். உயரமாக உட்கார ஒரு பலகை கேட்டுப் பார்த்தீர்களா? என்ன பதில் வந்தது? எழுதுங்கள். பெயர் போட வேண்டாம், ஊர் மட்டும் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்