காலண்டரில் ஒரு மேட்டூர்



தஞ்சாவூர்ப் பக்கம் என் பெரியப்பா வீட்டுச் சுவரில் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு எண்கள் இருக்கும். மேலே பெரியம்மாவின் பால் கணக்கு. கீழே பெரியப்பா எழுதும் மேட்டூர் அணை நீர்மட்டம். வழக்கமாக அணை திறக்கும் ஜூன் 12 நெருங்க நெருங்க, அந்தக் கீழ் எண்ணைப் பார்த்துத்தான் குறுவைக்கு நாற்று விடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பார்.

“120 அடி தொட்டுட்டா கவலை இல்லடா” என்பார்.

டிவியில் நீர்மட்டம் ஓடும்போது நாமும் அப்படித்தானே நினைக்கிறோம்? ஆனால் பீரோவில் இன்றைக்கு இருக்கும் பணம் வேறு, வருடம் முழுக்க வீட்டுக்கு வரும் வருமானம் வேறு. அணை பீரோ மாதிரி. ஆற்றின் மொத்த வரவு செலவு அதில் தெரியாது.

அந்தக் கணக்கைப் போடத்தான் நீரியல் மாடல்கள் இருக்கின்றன. காவிரிப் படுகை சுமார் 81,155 சதுர கிலோமீட்டர். அதைக் கம்ப்யூட்டரில் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிப்பார்கள். ஒவ்வொன்றிலும் என்ன மண், எவ்வளவு சரிவு, குடகுக் காபித் தோட்டமா, டெல்டா வயலா என்று குறிப்பார்கள். பிறகு பெய்த மழையை அதில் ‘விட்டு’, ஆவியாகப் போனது எவ்வளவு, பயிர் குடித்தது எவ்வளவு, பூமிக்குள் இறங்கியது எவ்வளவு, மிச்சம் ஆற்றுக்கு வந்தது எவ்வளவு என்று பார்ப்பார்கள். அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானிகள் உருவாக்கிய ‘ஸ்வாட்’ என்ற மாடலை யார் வேண்டுமானாலும் இலவசமாகவே எடுத்துப் பயன்படுத்தலாம்.

சரி, அது சொல்வதை எப்படி நம்புவது? பழைய வருடத்து மழையைக் கொடுத்துப் பார்ப்பார்கள். அந்த வருடம் தமிழக எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் அளந்த தண்ணீர் விடையாக வந்தால் சரி. வராவிட்டால் எங்கோ இடிக்கிறது. நடுவில் கபினி, கிருஷ்ணராஜ சாகர் என்று அணைகள் வேறு. அவை எப்போது திறந்தன, மூடின என்பதையும் சேர்க்காமல் விடை வராது.

2019-ல் மத்திய நீர் ஆணையம், இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையத்தோடு சேர்ந்து நாட்டின் 20 படுகைகளுக்கு இப்படிக் கணக்குப் போட்டது. ஆண்டுக்குச் சராசரி நீர்வளம் 1,999 பில்லியன் கன மீட்டர் என்று வந்தது. 1993-ல் சொன்னது 1,869. தண்ணீர் ஊறிப் பெருகிவிடவில்லை. எண்ணுகிற முறைதான் மாறியது.

எண் மாறினால் என்ன என்கிறீர்களா? 2007-ல் காவிரி நடுவர் மன்றம் ஆற்றின் வருட நீரை 740 டிஎம்சி என்று வைத்ததே, அது இரண்டு வருடத்தில் ஒரு வருடம்தான் கிடைக்கும் என்ற கணக்கு. ஒரு மாதம் விட்டு ஒரு மாதம்தான் முழுச் சம்பளம் என்றால் வீட்டை எப்படி நடத்துவோம்? சண்டை எல்லாம் அந்த மற்ற வருடங்களில்தான்.

2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கில் 14.75 டிஎம்சியைக் குறைத்தது. டெல்டாவின் நிலத்தடி நீரில் 10 டிஎம்சியை அது கணக்கில் எடுத்துக்கொண்டது. ஒரு டிஎம்சி என்றால் ஏறக்குறைய 2,830 கோடி லிட்டர். ஆக, நம் வீட்டு போர் தண்ணீரும் வழக்குக்குள் வந்துவிட்டது.

சென்னை வாசகர்களுக்கும் இதில் பங்கு உண்டு. உங்களுக்குக் குடிநீர் தரும் வீராணம் ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கீழணை, வடவாறு வழியாகக் காவிரியிலிருந்துதான்.

இந்தக் கணக்குகளில் எனக்குத் தெரிந்து பெரிய ஓட்டை போர்தான். மழையை அளக்க மானி இருக்கிறது, ஆற்றை அளக்க நிலையம் இருக்கிறது. கொல்லைப்புற மோட்டார் இழுப்பதை யார் எழுதி வைக்கிறார்கள்? அது தெரியாமல் போடும் கணக்கு எவ்வளவு கெட்டிக்கார மாடலாக இருந்தாலும் அரைகுறைதான்.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் போர் போட்ட வருடம், அப்போது எத்தனை அடியில் தண்ணீர், இப்போது எத்தனை அடி, கோடையில் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று எழுதி அனுப்புங்கள். போஸ்ட் கார்டு போதும். பெரியப்பாவுக்கும் போனில் சொல்லிவிட்டேன். காலண்டரில் மூன்றாவது எண்ணுக்கு இடம் இல்லையாம். பெரியம்மாவிடம் கேட்க வேண்டுமாம்.

அன்புடன்,
ஆசிரியர்