உடைமையும் உயிரும்

சென்னை – அரக்கோணம் இருப்புப்பாதையில், திருநின்றவூரை அடுத்துள்ளது வேப்பம்பட்டு. காலையில் அதன் நடைமேடையில் நின்று பார்த்தால் மக்களின் விழிப்புணர்வு வியப்பளிக்கும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குச் செல்வோரும் சென்னைக் கல்லூரிகளுக்குச் செல்லும் மாணவரும், வண்டி நெருங்கியதும் முதுகுப்பையை மார்புப் பக்கம் மாற்றி அணைத்துக்கொள்கின்றனர். பெண்கள் கழுத்துச் சங்கிலியைத் துப்பட்டாவால் மூடுகின்றனர். கூட்டத்தில் இந்த எச்சரிக்கை தேவையே. ஆயின், பையை அணைத்த அதே கைகளுள் சில, மறுநொடியே வாயிற்கம்பியைப் பற்றித் தொங்குகின்றன. மாலையில் இறங்கியதும், ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்தத் தண்டவாளத்தின் குறுக்கே நடப்போரும் உளர். உடைமைக்குத் தரும் காவலில் பாதியைக்கூட நாம் உயிருக்குத் தருவதில்லை.

2023 நவம்பரில் இவ்வூரில் தண்டவாளத்தைக் கடந்த தந்தையும் அவருடைய மகள்கள் இருவரும் வண்டி மோதி உயிரிழந்தனர். இவ்வழியே புறநகர் மின்தொடர் வண்டிகளோடு, இங்கு நில்லாத பெங்களூரு, கோவை விரைவு வண்டிகளும் ஓடுகின்றன. நின்றுகொண்டிருக்கும் வண்டியின் பின்புறமாக வெளிப்படுபவர், அடுத்த பாதையில் வருவதைக் காண இயலாது. மணிக்கு 110 கிலோமீட்டர் விரைவில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 30 மீட்டரைக் கடக்கும். ஓட்டுநர் கண்டவுடன் தடையை அழுத்தினாலும் அது நிற்கப் பல நூறு மீட்டர் ஆகும்.

அவ்வாறு கடப்பது 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம்வரை சிறையோ, ஆயிரம் ரூபாய்வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். எனினும், மக்களை மட்டும் குறைகூறுதல் நேர்மையன்று. அவ்விபத்து நேர்ந்த நாளில், பல்லாண்டுகளுக்கு முன் தொடங்கிய மேம்பாலப் பணி முடிவுறாமலே கிடந்தது. முதியோரும் குழந்தையைச் சுமப்போரும் எளிதில் கடக்க வழி அமைக்காமல், தண்டத்தொகையை மட்டும் எழுதிவைத்தால் போதுமா?

வாயிலில் நிற்பது துணிவென்று எண்ணும் இளைஞருக்கு ஒரு செய்தி. வண்டி விரைவு குறையும் இடங்களில், பாதையோரம் மறைந்து நிற்கும் திருடர் வாயிலில் இருப்பவரின் கையைக் கோலால் அடித்துக் கைப்பேசியை வீழ்த்துகின்றனர். அதைப் பிடிக்கக் குனிபவர் நிலைதடுமாறி விழுகிறார். பொருளைக் காக்க எழும் இயல்பான உணர்வே அங்குப் பகையாகிவிடுகிறது. போவது போகட்டும் என்று விடுவதே அந்நேரத்தில் அறிவுடைமை.

அவ்வாறு விட்டதை மீட்கவும் வழியுண்டு. வண்டியில் இருந்தவாறே 139 என்னும் எண்ணை அழைத்து உதவி கோரலாம். திருட்டு வழக்கைத் தமிழ்நாடு இருப்புப்பாதைக் காவல்துறை பதிவு செய்யும். ஒவ்வொரு கைப்பேசிக்கும் 15 இலக்க அடையாள எண் உண்டு. காவல்துறையில் அளித்த புகாரின் நகலையும் அவ்வெண்ணையும் கொண்டு, நடுவண் அரசின் ‘சஞ்சார் சாத்தி’ இணையதளத்தில் அக்கருவியை எவரும் பயன்படுத்த இயலாதவாறு முடக்கலாம். *#06# என்று அழுத்தினால் அந்த எண் திரையில் தோன்றும். அதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வீட்டில் வைக்க, அடுத்த மின்தொடர் வண்டிக்குக் காத்திருக்கும் நேரம்கூட ஆகாது.