அங்கன்வாடியின் தரத்தை எதைக் கொண்டு அளப்பது?

நாமக்கல் மாவட்டம் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. இந்த மலையில் ஊராட்சிகளை 'நாடு' என்றே அழைக்கிறார்கள். 14 நாடுகளில் ஒன்று வளப்பூர் நாடு. அறப்பளீஸ்வரர் கோவில் இருக்கும் பகுதி என்று சொன்னால், மலைக்குச் சுற்றுலா போய் வந்தவர்களுக்கு நினைவு வரும். இங்கு வாழ்பவர்களில் பெரும்பாலோர் 'மலையாளி' என்னும் பழங்குடிப் பிரிவைச் சேர்ந்த, தமிழ் பேசும் மக்கள். மிளகு, காபி, மரவள்ளி, பலா என்று தோட்டங்களும் காடுகளுமாக இருக்கும் நிலத்தில் வீடுகள் சின்னச் சின்னக் குடியிருப்புகளாகச் சிதறிக் கிடக்கின்றன.

இந்த மலையில் இருக்கும் மூன்று வயதுக் குழந்தைக்கும், நம் மஹல்லாவில் எல்கேஜி சேர்க்கைக்காகப் பெற்றோர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மூன்று வயதுக் குழந்தைக்கும் என்ன தொடர்பு? இருவருக்காகவும் பெரியவர்கள் பதில் தேட வேண்டிய கேள்வி ஒன்றுதான். நல்ல மழலையர் கல்வி என்று எதைச் சொல்கிறோம்? அது கிடைக்கிறதா இல்லையா என்பதை எப்படித் தெரிந்துகொள்கிறோம்?

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்குக் கல்வி ஓர் அடிப்படை உரிமை. 2002ஆம் ஆண்டின் 86ஆவது அரசமைப்புத் திருத்தம் அதை உறுதி செய்தது. அதே திருத்தம் 45ஆவது பிரிவையும் மாற்றியது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பராமரிப்பும் கல்வியும் கிடைக்க அரசு 'முயல வேண்டும்' என்று அது கூறுகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்ற அளவில் நின்றுவிட்டது. ஆக, ஆறு வயதுக்கு மேல் உரிமை. அதற்குக் கீழே முயற்சி. தரம் பற்றிய கேள்வி பின்னுக்குப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

எடை பார்த்தோம், பேச்சைப் பார்க்கவில்லை

நாம் 'பால்வாடி' என்று சொல்லிப் பழகிய அங்கன்வாடிகள், 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் கீழ் வந்தவை. அதற்கு அடித்தளம் இட்டவற்றுள் ஒன்று, மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக் குழு 1972இல் தந்த அறிக்கை. இன்று தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் உள்ளன.

இந்த மையங்களில் தமிழ்நாடு சாதித்தது முதன்மையாக உணவிலும் உடல்நலத்திலும். உலக வங்கி உதவியுடன் 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, எடை குறைந்தவர்களைக் கண்டுபிடித்துக் கூடுதல் உணவு கொடுத்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம், இரண்டு வயதுக் குழந்தை முதற்கொண்டு சூடான சாப்பாட்டை உறுதி செய்தது. இன்று இரண்டு வயது முதல் ஆறு வயது வரையிலான அங்கன்வாடிக் குழந்தைக்கு வாரம் மூன்று முட்டை. முட்டைக்குப் பெயர் பெற்ற நாமக்கல், கொல்லிமலையின் அடிவாரத்தில்தான் இருக்கிறது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. எடையை அளந்தோம், எடை கவனிக்கப்பட்டது. முட்டைக்குக் கணக்கு எழுதினோம், முட்டை வந்து சேர்ந்தது. ஆனால் ஒரு பெரியவர் ஒரு நாளில் எத்தனை நிமிடம் குழந்தைகளோடு உட்கார்ந்து பேசினார், கதை சொன்னார், விளையாட வைத்தார் என்பதற்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது.

பாடத்திட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பெயரில் தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கென்றே ஒரு பாடத்திட்டம் இருக்கிறது. அதை நடத்த வேண்டிய பணியாளருக்கு நேரம் இருக்கிறதா என்பதுதான் பிரச்சினை. பதிவேடுகள், கைப்பேசிச் செயலியில் விவரங்கள் ஏற்றுவது, கர்ப்பிணிகளுக்கு இணை உணவு, தடுப்பூசி நாள், எடை, உயரம் என்று எல்லாம் அவர் தலையில். பலர் வாக்குச்சாவடி நிலை அலுவலர் பணியையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். எல்லாம் முடிந்து மிஞ்சுகிற நேரம்தான் பாட்டுக்கும் கதைக்கும்.

தரத்தை அளக்க முடியுமா?

முடியும். அமெரிக்காவில் தெல்மா ஹார்ம்ஸ், ரிச்சர்ட் கிளிஃபோர்டு ஆகியோர் 1980இல் மழலையர் மையங்களுக்கான ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். பார்வையாளர் ஒருவர் மையத்தில் சில மணி நேரம் உட்கார்ந்து கவனித்து, ஒவ்வொரு அம்சத்துக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் தருவார். இடவசதி, சுத்தம், விளையாட்டுப் பொருள்கள், ஆசிரியர் குழந்தையிடம் பேசும் விதம், குழந்தைகள் ஒருவரோடு ஒருவர் பழகும் விதம் எல்லாம் அதில் அடங்கும். குழந்தைக்குப் பரீட்சை வைப்பதில்லை. மையத்துக்குத்தான் பரீட்சை.

அந்த அளவுகோலைத் தமிழ்நாட்டுச் சூழலுக்கு ஏற்ப மாற்றி அமைத்தது சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். மீனா சுவாமிநாதன் அங்கே இந்தத் துறையில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். மையத்தின் தரத்துக்கும் குழந்தைகளின் கற்றல் திறனுக்கும் உள்ள தொடர்பைத் தமிழ்நாட்டிலேயே ஆராய்ந்து, 2000ஆம் ஆண்டில் அந்த நிறுவனம் நூலாகவும் வெளியிட்டது. கொல்லிமலையில் சாமை, தினை போன்ற சிறுதானியங்களை அழியாமல் காக்க மலைவாழ் விவசாயிகளுடன் சேர்ந்து உழைத்ததும் இதே நிறுவனம்தான். மரவள்ளி பரவியதால் சுருங்கிப்போன சிறுதானியத்துக்கு அந்த மலையில் மறுபடி மதிப்பு கிடைத்ததில் அதற்குப் பங்கு உண்டு. அளவுகோலும் நம்மிடம் இருக்கிறது, மலையில் மக்களோடு சேர்ந்து வேலை செய்த அனுபவமும் இருக்கிறது. இரண்டையும் அங்கன்வாடிக்குக் கொண்டுவருவதுதான் மீதி.

இன்னொரு ஆள் வந்தால் என்ன ஆகும்?

அளந்து பார்த்த பிறகு எதைச் சரிசெய்வது? இதற்கும் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு விடை வந்திருக்கிறது. அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் அவற்றில் பாதி மையங்களுக்கு, முன்பருவக் கல்வியை மட்டும் கவனிக்க அரை நேரப் பணியாளர் ஒருவர் கூடுதலாக நியமிக்கப்பட்டார். மற்ற மையங்கள் பழையபடியே நடந்தன.

18 மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, கூடுதல் பணியாளர் வந்த மையங்களில் கற்பித்தலுக்குக் கிடைத்த நேரம் இரட்டிப்பாகியிருந்தது. குழந்தைகளின் மதிப்பெண், புள்ளியியல் கணக்கில் சொன்னால், கணிதத்தில் 0.29 திட்ட விலக்கமும் மொழியில் 0.46 திட்ட விலக்கமும் உயர்ந்தது. கல்வி ஆய்வுகளில் இது சின்ன மாற்றம் கிடையாது. இதோடு எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைத்தது. பழைய பணியாளருக்கு உடல்நலப் பணிக்குக் கூடுதல் நேரம் கிடைத்ததால், வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் விகிதமும் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தன. அந்தக் கூடுதல் பணியாளர்கள் நீண்ட ஆசிரியர் பயிற்சி பெற்றவர்கள் அல்லர் என்பதையும் கவனிக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான அனுபவமும் நமக்கு உண்டு. 2019 ஜனவரியில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகள் தொடங்கின. ஏற்கெனவே பணியில் இருந்த உபரி இடைநிலை ஆசிரியர்கள் அங்கே மாற்றப்பட்டார்கள். 2022இல் அவர்கள் தொடக்கப் பள்ளிகளுக்குத் திரும்ப அழைக்கப்பட்டபோது வகுப்புகள் தொடருமா என்றே சந்தேகம் வந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகு, மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு தொடர முடிவானது. எல்கேஜி என்ற பெயர்ப்பலகை அப்படியே இருந்தது. குழந்தை அன்றாடம் பார்த்துப் பழகிய முகம் மாறிப்போனது. நான்கு வயதுக் குழந்தைக்குப் பெயர்ப்பலகையைவிட அந்த முகம்தான் முக்கியம்.

மலைக்கு முதலில்

இப்போது வளப்பூர் நாட்டுக்குத் திரும்புவோம். சமவெளியில் 400 முதல் 800 பேர் வரை வாழும் பகுதிக்கு ஓர் அங்கன்வாடி என்பது மத்திய அரசின் விதி. மலைப்பகுதிக்கு அது 300 ஆகத் தளர்த்தப்பட்டிருக்கிறது. 150 முதல் 300 பேர் வரை இருந்தால் குறு மையம் அமைக்கலாம். சிதறிய குடியிருப்புகளுக்கு இது நல்ல விதிதான். ஆனால் குறு மையம் என்ற ஏற்பாடு உதவியாளர் இல்லாமல் ஒரே பணியாளரை வைத்து உருவானது. சமையல், எடை, பதிவேடு, பாட்டு எல்லாம் ஒருவரே. அவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்று மையம் இல்லை.

பெற்றோர் தோட்ட வேலைக்குப் போய்விடும் ஊரில், புத்தகமும் விளையாட்டுப் பொருளும் அதிகம் வாங்க முடியாத வீட்டில், அங்கன்வாடிதான் குழந்தையின் முதல் பள்ளிக்கூடம். கையில் காசு உள்ள சமவெளிக் குடும்பத்துக்கு வேறு வழி உண்டு, பக்கத்துத் தெருவில் ஒரு நர்சரி இருக்கும். மலையில் அடுத்த மையத்துக்கு மூன்று வயதுக் குழந்தையை மழையில் நடத்திக் கூட்டிப்போக முடியாது. கூடுதல் ஆள் மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் ஆள் குறைவு. 320 மையங்களில் நிரூபணமான ஒரு வழியை மாநிலம் முழுவதும் ஒரே நாளில் கொண்டுவருவது செலவு மிக்கது என்று அரசு சொல்லலாம். அப்படியானால் கொல்லிமலை போன்ற மலை ஒன்றியங்களிலிருந்து தொடங்கட்டும். அதே ஊரின் படித்த பெண் ஒருவருக்கு அரை நாள் வேலை கிடைக்கும். குழந்தைக்கும் வீட்டுப் பேச்சு தெரிந்த ஒருவர் கிடைப்பார். ஆண்டுக்கு ஒருமுறை அளவுகோலை வைத்துப் பார்த்து, எந்த மையத்துக்கு என்ன தேவை என்று ஊராட்சியிலேயே படித்துக் காட்டலாம். குறை கண்ட மையத்தைத் தண்டிக்கக் கூடாது. தேவையானதை அனுப்பி வைக்க வேண்டும்.

நம் வீட்டுக் குழந்தைக்கும் இதே அளவுகோல்

இது மலைவாழ் மக்களின் பிரச்சினை மட்டும் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. 2006இல் வந்த சச்சார் குழு அறிக்கை, முஸ்லிம்கள் வாழும் பகுதிகளுக்கு அரசுத் திட்டங்கள் எந்த அளவுக்கு வந்து சேர்கின்றன என்ற கேள்வியை எழுப்பியது. அதே ஆண்டு அறிவிக்கப்பட்ட பிரதமரின் புதிய 15 அம்சத் திட்டத்தின் முதல் அம்சமே அங்கன்வாடிதான். சிறுபான்மையினர் கணிசமாக வாழும் இடங்களில் மையங்களில் ஒரு பங்கு அமைய வேண்டும் என்றது அது. நம் பகுதியில் மையம் எங்கே இருக்கிறது, எத்தனை குழந்தைகள் போகிறார்கள் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நம்மில் பலர் பிள்ளைகளைத் தனியார் நர்சரியில் சேர்க்கிறோம். சில ஊர்களில் ஜமாஅத்தும் அறக்கட்டளைகளுமே நர்சரி நடத்துகின்றன. கட்டணம், சீருடை, ஆங்கிலம் ஆகியவற்றை வைத்துத் தரத்தை முடிவு செய்கிறோம். ராஜஸ்தான், அசாம், தெலங்கானா பகுதிகளில் சுமார் 14 ஆயிரம் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2017இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு நமக்கு எச்சரிக்கை தருகிறது. தனியார் மழலையர் பள்ளிகள் பலவற்றில் ஒன்றாம் வகுப்புப் பாடமே முன்கூட்டித் திணிக்கப்படுகிறது; குழந்தையைப் பள்ளிக்குத் தயார்ப்படுத்துவது வயதுக்கேற்ற விளையாட்டும் செயல்பாடும்தான் என்றது அது.

அங்கன்வாடியானாலும் நர்சரியானாலும், சேர்க்கும் முன் ஒரு மணி நேரம் உள்ளே உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பிறகு இவற்றைக் கவனியுங்கள்:

- ஒரு பெரியவருக்கு எத்தனை குழந்தைகள்? மூன்று வயதுக்கு மேல் 20 பேருக்கு ஒருவர் என்பது 2013ஆம் ஆண்டு தேசியக் கொள்கையின் அளவு.
- அந்த ஒரு மணி நேரத்தில் ஆசிரியர் எத்தனை நிமிடம் குழந்தைகளோடு இருந்தார்?
- பொம்மையும் படப் புத்தகமும் குழந்தையின் கைக்கு எட்டுகின்றனவா, அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றனவா?
- குழந்தை தன் வீட்டு மொழியில் பேசும்போது ஆசிரியர் காதுகொடுத்துக் கேட்கிறாரா?
- மூன்று வயதில் வரிவரியாக எழுதச் சொல்கிறார்களா?
- கழிப்பறை, குடிநீர், சுற்றுவேலி எப்படி இருக்கின்றன?
- ஆசிரியர் எத்தனை ஆண்டுகளாக இங்கே இருக்கிறார்?

நர்சரி நடத்தும் ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் இதே கேள்விகளை வைக்கிறோம். புதுக் கட்டடத்துக்கு நன்கொடை திரட்டும்போது, ஆசிரியைகளின் சம்பளத்துக்கும் ஒரு பகுதி ஒதுக்குங்கள். நல்ல ஆசிரியை வருடா வருடம் வேறு இடம் தேடிப் போகாமல் இருந்தால், அதன் பலன் நேராகக் குழந்தைக்குப் போய்ச் சேரும்.

அங்கன்வாடிக் கோரிக்கையோடு கிராம சபைக்கோ வார்டு கூட்டத்துக்கோ போகும்போது, 'எங்கள் தெருவுக்கு ஒரு மையம்' என்பதோடு நிறுத்திவிட வேண்டாம். 'ஒவ்வொரு மையத்துக்கும் கல்விக்கென்று ஒரு பணியாளர், மலைக்கு முதலில்' என்றும் சேர்த்துக் கேட்போம். வளப்பூர் நாட்டுக் குழந்தைக்கு அது கிடைத்த பிறகு நம் தெருவுக்கு மறுக்க எந்த அரசுக்கும் காரணம் இருக்காது.