தீர விசாரிப்பதே மெய்

அரசியல் செய்தியாளருக்கு வேகம் முக்கியமா, உண்மை முக்கியமா? இரண்டும் வேண்டும் என்போர் உண்டு. ஆனால், இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்ற நிலை வந்தால், அவர் உண்மையின் பக்கமே நிற்க வேண்டும் என்பது என் கருத்து. அமெரிக்க அரசியலை உலுக்கிய வாட்டர்கேட் விவகாரம் இதற்குச் சிறந்த சான்றாகும்.

1972ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள், வாஷிங்டன் நகரின் வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த ஜனநாயகக் கட்சி அலுவலகத்திற்குள் அத்துமீறி நுழைந்த ஐவர் பிடிபட்டனர். வெள்ளை மாளிகை அதனை அற்பத் திருட்டு என்று ஒதுக்கியது. ஆனால், 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழின் இளம் செய்தியாளர்களான பாப் வுட்வர்டும் கார்ல் பெர்ன்ஸ்டீனும் அதனை அப்படியே விட்டுவிடவில்லை. பிடிபட்டவர்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்தனர். அதிபர் நிக்சனின் தேர்தல் குழுவில் பணியாற்றியவர்களின் வீடுகளுக்கு இரவில் சென்று பேசினர். ஒருவர் கூறிய குற்றச்சாட்டை மற்றொருவரும் உறுதிப்படுத்திய பின்னரே வெளியிடுவதை வழக்கமாகக் கொண்டனர்.

இவ்வளவு கவனமாக இருந்தும் ஒரு பிழை நேர்ந்தது. தேர்தலுக்கு இரண்டு வாரங்கள்கூட இல்லாத நிலையில், அக்டோபர் 25ஆம் நாள் ஒரு செய்தி வெளியானது. இரகசிய நிதியைக் கட்டுப்படுத்தியவர்களுள் அதிபரின் தலைமை உதவியாளர் ஹால்டிமனும் ஒருவர் என்றும், தேர்தல் குழுவின் முன்னாள் பொருளாளர் இதனை விசாரணை நடுவர் குழுவிடம் கூறினார் என்றும் அச்செய்தி தெரிவித்தது. ஹால்டிமனுக்கு அந்நிதியோடு தொடர்பு இருந்தது உண்மைதான். ஆனால், பொருளாளர் அதனை நடுவர் குழுவிடம் கூறவில்லை. அக்கேள்வி அவரிடம் கேட்கப்படவும் இல்லை. அந்த ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டு வெள்ளை மாளிகை நாளிதழையே கடுமையாகத் தாக்கியது. பல மாத உழைப்பின் மீது ஐயம் எழுந்தது.

எனினும், செய்தியாளர்கள் சோர்ந்துவிடவில்லை. தொடர்ந்து உண்மைகளைத் திரட்டினர். பின்னர், நீதிமன்றமும் நாடாளுமன்றமும் நடத்திய விசாரணைகளில் மேலும் பல உண்மைகள் வெளிவந்தன. 1973ஆம் ஆண்டு மே மாதத்தில், வெள்ளை மாளிகையின் பேச்சாளர் அந்நாளிதழிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். 1974ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் நிக்சன் பதவி விலகினார்.

இன்று செய்திகள் நொடியில் பரவுகின்றன. அதனால், முதலில் வெளியிட்டுவிட்டுப் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று சிலர் வாதிடுகின்றனர். இதனை என்னால் ஏற்றுக்கொள்ள இயலவில்லை. தவறான செய்தியைப் படித்த அனைவரும் அதன் திருத்தத்தையும் தேடிப் படிப்பதில்லை. மேலும், செய்தியாளரின் சிறு பிழைகூடத் தவறு செய்த ஆட்சியாளருக்குக் கேடயமாகிவிடும். வாட்டர்கேட் செய்தியில் நடந்ததும் அதுதான். உண்மையைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. அதனை யார், எங்கே, யாரிடம் கூறினார் என்பதும் பிழையின்றி இருக்க வேண்டும்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர் நம் முன்னோர். இது செய்தியாளருக்கு மட்டும் உரியதன்று. கைப்பேசிக்கு வரும் அரசியல் செய்தியை மற்றவருக்கு அனுப்புவதற்கு முன், இதனைக் கூறியவர் யார், வேறு யாரேனும் உறுதிப்படுத்தியுள்ளனரா என்று நாமும் கேட்டுப் பார்க்க வேண்டும்.